கழுவிய ரத்தம்

அந்த லாண்டரியில் வெள்ளைக் கோட்டுக்கு இருந்த மரியாதை வேறு எந்த வெள்ளைத் துணிக்கும் கிடையாது. ஓட்டல்களிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் படுக்கை விரிப்புகளை நாங்கள் காலால்தான் தள்ளுவோம். மாப்பிள்ளையின் கோட்டை மட்டும் முதலாளியின் மகள் தனியாகக் கையால் துவைத்து, கஞ்சி போட்டு, விறைப்பாக இஸ்திரி போட்டு மாட்டி வைப்பாள். அதைப் போட்டுக்கொண்டு அந்த மனிதர் செய்தது என்னவென்றால், வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து, அதைப் பரிசோதனைக் கூடத்தில் கொண்டுபோய்க் கொடுப்பது. நல்ல வேலைதான். தெருவுக்கு ஒருவர் அப்படி இருந்தால் நோயாளிகளுக்கு அலைச்சல் மிச்சம். ஆனால் எடுத்ததோடு வாயை மூடிக்கொண்டு போகத் தெரிய வேண்டும். இவருக்கு அது மட்டும் தெரியாது. ரிப்போர்ட் வந்தால் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஏதோ தீர்ப்பு வாசிப்பது போல வாசிப்பார். அதனால் நான் அவருக்கு 'ரிப்போர்ட்டு' என்று பெயர் வைத்தேன். மனதுக்குள்தான்.

நான் அங்கே தையல்காரி. கிழிந்த விரிப்பு, பிரிந்த தலையணை உறை, பொத்தான் போன சமையல்காரர் சட்டை எல்லாம் என் மேஜைக்கு வரும். கட்டடத்தின் பின்பக்கம் துவைக்கிற கூடம், முன்பக்கம் துணி மடிக்கிற அறை, மாடியில் அவர்கள் குடியிருப்பு. மடிக்கிற அறையில் படிக்கட்டுக்குப் பக்கத்தில் என் தையல் மிஷின். மேலேயிருந்து இறங்கி வருகிற எந்தச் சண்டையும் என்னைத் தாண்டித்தான் தெருவுக்குப் போக வேண்டும். நான் காதை மூடிக்கொள்கிற ஜென்மம் இல்லை.

முதலாளிக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டிருந்தது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். கையில் அதற்காக வைத்த குழாய் அடைத்துப் போனதால், கழுத்துக்குக் கீழே மார்பில் ஒரு ரப்பர் குழாயைச் செருகி, அதற்கு மேல் பிளாஸ்திரி போட்டு அனுப்பியிருந்தார்கள். ஈரம் படக் கூடாது, வியர்க்கக் கூடாது, நீராவி பக்கம் போகக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். லாண்டரிக்காரனிடம் நீராவி பக்கம் போகாதே என்றால் கேட்பானா? காலையில் டீயை முழுங்கிவிட்டு நேரே துவைக்கிற கூடத்துக்குள் போய் நின்றுகொள்வார். பிளாஸ்திரியின் ஓரம் நமுத்துப் போய், நாய்க்காது மாதிரி மடிந்து தொங்கும். மகள் மாற்றச் சொன்னால், "மாப்பிள்ளை வரட்டும், பார்த்துப்பார்" என்பார்.

அவருக்கு உலகத்தில் மதிக்கத் தகுந்தவர்கள் இரண்டே பேர். ஒன்று அவர், இன்னொன்று மாப்பிள்ளை. சொந்த மகன், விடிந்ததிலிருந்து பாய்லரைக் கட்டிக்கொண்டு வெந்து சாகிறவன், அவருக்கு 'தண்ணி சுட வைக்கிறவன்'. மகள் 'அது'. "அதுகிட்ட சொல்லி டீ போடச் சொல்லு" என்பார். எங்களையெல்லாம் எதுவாகவும் கூப்பிட மாட்டார். விரலைச் சொடுக்குவார்.

ஆனால் தொழிலில் மனிதர் கெட்டிக்காரர், அதை இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஜன்னலை ஒட்டி அழுக்குப் பார்க்கிற மேஜை என்று ஒன்று போட்டிருந்தார். துவைக்கப் போகிற ஒவ்வொரு துணியும் அதன் மேல் உலர்ந்தபடியே விரிய வேண்டும். கறை இருக்கிற இடத்தில் ஒரு சிவப்பு நூலைக் கோத்து முடிச்சுப் போட வேண்டும். அதற்கு அப்புறம்தான் தண்ணீர். புதிதாக வேலைக்கு வந்த பெண் யாராவது துவைத்து எடுத்ததைக் காட்டி, "சுத்தமாத்தான் இருக்கு முதலாளி" என்று சொல்லிவிட்டால் தொலைந்தாள்.

"துவைச்ச துணியில எந்தக் கறையும் தெரியாது. ஈரத்துல எல்லாம் ஒளிஞ்சுக்கும். இஸ்திரிப் பெட்டி மேல ஏறினதும் பல்லை இளிச்சுக்கிட்டு வரும். அப்ப யாரு, உங்க அப்பன் வந்து எடுப்பானா?"

இதை வாரத்துக்கு ஒரு தடவையாவது யாராவது கேட்டே தீர வேண்டும்.

கொஞ்ச காலத்துக்கு முன்னால் அவருக்கு ஒருமுறை காய்ச்சல் மாதிரி இருந்தது. ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று காட்டுகிற ஒரு பரிசோதனை இருக்கிறதாம், புரோகால்சிடோனின் என்று பெயர். லாண்டரியில் எல்லோரும் அதை 'கிருமி நம்பர்' என்றார்கள். நம்பர் ஏறி வந்தது. ரிப்போர்ட்டு துள்ளிக் குதித்து, தெரிந்த மருந்துக் கடையிலிருந்து கனமான மருந்தாக வாங்கிவந்து தானே ஊசி போட்டார். முதலாளி வாயெல்லாம் வெந்து, வயிறு கழிந்து, நாலு நாள் சுருண்டு கிடந்தார். பிறகு கிட்னி டாக்டரம்மா பார்த்துவிட்டு, கிருமியே இல்லை, சாதாரண சளி என்று சொன்னார். கிட்னி இல்லாதவர்களுக்கு அந்த நம்பர் எந்நேரமும் கொஞ்சம் தூக்கலாகத்தான் நிற்குமாம். நன்றாக இருக்கும்போது அவருக்கு எவ்வளவு நிற்கிறது என்று எடுத்து வைத்துக்கொண்டு, அதிலிருந்து ஏறுகிறதா என்றுதான் பார்க்க வேண்டுமாம். அதையும் டயாலிசிஸுக்கு முன்னாலேயே எடுக்க வேண்டும் என்று மகளிடம் சொல்லி அனுப்பினார்.

இதில் ரிப்போர்ட்டின் மண்டைக்குள் போனது பாதிதான். மறுநாளிலிருந்து பிளேட்டைத் திருப்பிப் போட்டுவிட்டார்.

"மாமாவுக்கு அது எப்பவும் ஏறித்தான் இருக்கும். அதைப் பார்த்து மத்தவங்கதான் பயப்படுவாங்க. நமக்குத் தெரியும்ல?"

அந்த 'நமக்கு' இருக்கிறதே, அதில் அவரும் முதலாளியும் மட்டும்தான்.

நான் சொல்ல வந்த வாரத்தில் முதலாளி சாப்பாட்டை ஒதுக்க ஆரம்பித்தார். சாப்பாடு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. காய்களை வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி வேகவைத்து, உப்பில்லாமல் ஒரு கிண்ணம். மகள் அதில் மிளகைத் தட்டிப் போட்டு, எலுமிச்சையை ஒரு துளி விட்டு, எதையாவது செய்து ருசி கொண்டுவரப் பார்ப்பாள். சாதாரண நாளில், "மாட்டுக்கு வைக்கிறதை எனக்கு வைக்கிறா" என்று திட்டிக்கொண்டே காலி செய்துவிடுவார். இப்போது திட்டவே இல்லை. கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனார். அவர் திட்டாததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது என்று என்னிடம் சொன்னாள்.

"அக்கா, ரெண்டு நாளா ஒரு வார்த்தை திட்டல அக்கா. மூஞ்சி வேற ஒரு மாதிரி வெளுத்துக் கிடக்கு."

"டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போ."

"வரமாட்டேங்கறார். இவர் ரத்தம் எடுத்துப் பார்த்துச் சொல்லட்டும்கறார்."

"சரி, எடுக்கச் சொல்லு."

"காலையிலேயே, டயாலிசிஸ் போறதுக்கு முன்னாடி எடுக்கணும். நானும் எழுப்பிட்டேன். எழுந்திரிச்சாத்தானே?"

அவர் எழுந்தார். எழுந்து, சவரம் செய்து, மீசை ஓரத்துக்கு மை தடவி, அது காயும்வரை கண்ணாடி முன்னால் நின்று, கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கி வந்தபோது முதலாளி ஏற்கனவே வாடகைக் காரில் ஏறிக் கிளம்பிவிட்டிருந்தார். மகன் அவரைப் பிடித்து ஏற்றிவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தான். ரிப்போர்ட்டு என்னைப் பார்த்து, "என்ன, அதுக்குள்ள கிளம்பிட்டாரா? சொல்ல வேண்டாமா?" என்றார். நான் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டிருந்தேன். நூலை எச்சில் தொட்டு இழுத்தேன்.

மத்தியானம் இரண்டு பேருமாகத் திரும்பி வந்தார்கள். முதலாளியைக் கைத்தாங்கலாகப் பிடித்து மடிக்கிற அறையில் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, ரிப்போர்ட்டு எங்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பேச ஆரம்பித்தார்.

"மாமாவுக்கு ஒரு குத்து கூடக் குத்தல, தெரியுமா? டயாலிசிஸ் முடியற நேரத்துக்குப் போய், நர்ஸ்கிட்ட சொல்லி, அந்தக் குழாயிலேயே ரத்தத்தை எடுத்துக்கிட்டேன். மாமா, வலிச்சுதா?"

"நீங்க எடுத்தா எங்க மாப்பிள்ளை வலிக்கப்போவுது" என்றார் முதலாளி. குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

மகள் கையில் மடித்துக்கொண்டிருந்த துவாலையோடு அப்படியே நின்றாள். "முன்னாடி எடுக்கணும்னு டாக்டரம்மா சொன்னாங்களேங்க."

"அது உப்புக்கும் யூரியாவுக்கும்தான். அதெல்லாம் டயாலிசிஸ்ல போயிடும். கிருமி போகுமா? கிருமி என்ன, அழுக்கா?"

தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார். மடிக்கிற பெண்களும் சிரித்தார்கள். முதலாளியின் மாப்பிள்ளை சிரித்தால் சிரிக்காமல் இருக்க முடியுமா?

"இல்லீங்க, எதுக்கும் ஒரு தடவை அவங்களைக் கேட்டு…"

"அது சொல்றதைப் பார்த்தீங்களா மாப்பிள்ளை?" என்றார் முதலாளி. "உங்களுக்குத் தெரியாதது இதுக்குத் தெரிஞ்சுபோச்சு. துவாலையை மடிக்கத் தெரியுதா முதல்ல?"

"விடுங்க மாமா. டயாலிசிஸ் பாதியில மாமா கடகடன்னு நடுங்கிட்டார்மா, நர்ஸ் சொல்லுச்சு. அந்த ஏசியைப் போட்டு வச்சிருக்கான் பாரு, ஐஸ் பெட்டி மாதிரி. நான் போய்க் குறைக்கச் சொல்லிட்டுத்தான் வந்தேன்."

உலர்ந்த துணியில்தான் கறை பார்க்க வேண்டும் என்று ஊரையே உருட்டி மிரட்டிய மனிதர் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். கைக்கெட்டும் தூரத்தில் அந்த மேஜை. ஓட்டல்காரன் தலையணை உறைக்கு ஒரு சட்டம், தன் உடம்பில் ஓடுகிற ரத்தத்துக்கு ஒரு சட்டம். இதை நினைத்தபோது எனக்குச் சிரிப்புகூட வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

நீங்கள் கேட்கலாம், அந்தப் பெண் ஏன் இன்னும் இரண்டு வார்த்தை பேசவில்லை என்று. பேசிப் பார்த்தவள்தான். ஒருமுறை, கோட்டுப் பையில் பேனா மை ஊறியிருக்கிறது, பார்த்து வைக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டாள். அவ்வளவுதான். மகாராஜாவுக்கு ரோஷம் வந்து தன் அக்கா வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். முதலாளி மகளை இழுத்துக்கொண்டு போய், அந்த அக்காவின் வாசலில் வைத்து மன்னிப்புக் கேட்க வைத்து, அவரைத் திரும்ப அழைத்து வந்தார். வந்தவுடன் அவர் செய்த முதல் வேலை, கோட்டைக் கழற்றி அவள் கையில் கொடுத்ததுதான்.

மறுநாள் ரிப்போர்ட் வந்தது. அவருக்கு வழக்கமாக நிற்கிற நம்பரைவிடவும் கொஞ்சம் குறைவு. அன்றைக்கு அந்த அறையில் நடந்த கொண்டாட்டத்தைப் பார்க்க வேண்டுமே. எல்லோருக்கும் டீ வந்தது. ரிப்போர்ட்டு போனை ஆளாளுக்குக் காட்டினார், எனக்கும் காட்டினார்.

"பார்த்தீங்களா? பேஷன்ட் நம்ம கையில இருந்தா இப்படித்தான் இருக்கும். சும்மா டாக்டர் டாக்டர்னு ஓடினா அவங்க படுக்க வச்சு, அந்தக் குழாயைப் பிடுங்கி, இன்னொரு இடத்துல ஓட்டையைப் போடுவாங்க."

குழாயைப் பிடுங்குவது என்ற பேச்சு வந்தாலே முதலாளிக்கு முகம் சுருங்கிவிடும். அந்தக் குழாயை வைக்க அவர்கள் பட்ட பாடு அவருக்கு மறக்கவில்லை. இன்னொன்று வைக்க உடம்பில் இடமே இல்லை என்று அவராக முடிவு செய்து வைத்திருந்தார். அவருக்கு வேண்டியது குழாய் இருந்த இடத்தில் இருக்க வேண்டும் என்கிற ஒன்றுதான். மாப்பிள்ளை அதைக் கொடுத்தார். எது வேண்டுமோ அதைக் கொடுக்கிறவனைத்தான் உலகம் கெட்டிக்காரன் என்கிறது.

டீயை அவர் குடிக்கவில்லை. டம்ளரைக் கையில் வைத்தபடியே இருந்தார். மகள்தான் வந்து, விரல்களைப் பிரித்து வாங்கிக்கொண்டு போனாள்.

அடுத்த நாள் காலை பாய்லர் கூடத்திலிருந்து மகன் ஒரு விரிப்பைக் கொண்டுவந்து என் மேஜையில் போட்டான். நடுவில் காபி கொட்டிய கறை, ஒரு தட்டு அகலத்துக்கு. சிவப்பு நூல் இல்லை.

"அக்கா, இது அப்பா மேஜையில இருந்துதான் வந்துச்சு."

"வேற யாராவது பார்த்திருப்பாங்க."

"இல்லக்கா. காலையில இருந்து அவர்தான் நிக்கறார். இது மாதிரி இன்னும் நிறைய வந்திருக்கு."

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம். முதலாளி மேஜையில் ஒரு விரிப்பை விரித்து, மடித்து, மறுபடி அதையே விரித்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து போனேன். என்னைப் பார்த்து விரலைச் சொடுக்கினார்.

"பொத்தான் தைச்சியா?"

"எதுக்கு முதலாளி?"

"இதுக்கு. விரிப்புக்குப் பொத்தான் வைக்கச் சொன்னேனே. காத்துல பறக்குது பாரு."

ஜன்னல் மூடியிருந்தது. அறையில் ஒரு நூல்கூட ஆடவில்லை.  இவரிடம் இத்தனை வருஷம் சொடுக்குக்கு ஓடியிருக்கிறேன், மனதுக்குள் திட்டாத நாள் இல்லை. ஆனாலும் அன்றைக்கு எனக்கு அழுகை முட்டியது. மனிதன் தன் தொழிலை மறந்து நிற்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

மகள் ஓடி வந்தாள். நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். ரிப்போர்ட்டு பல்லில் பிரஷ்ஷோடு இறங்கி வந்து, ஒரு தெர்மாமீட்டரை முதலாளியின் அக்குளில் செருகி, எடுத்துப் பார்த்து, எங்களுக்கெல்லாம் காட்டினார்.

"நார்மல். சுத்தமா நார்மல். தூக்கம் இல்ல, அதான் உளர்றார். ரிப்போர்ட் கையில இருக்கு. நம்பர் குறைஞ்சிருக்கு. எதுக்கு இப்ப ஊரைக் கூட்டறீங்க?"

மகள் அவரை விட்டுத் திரும்பினாள். தம்பியைப் பார்த்தாள். "காரைக் கூப்பிடுடா."

"பாய்லரை விட்டுட்டு நான் எப்படிக்கா…"

"நீ வர வேண்டாம். அக்கா வருவாங்க." என் பக்கம் திரும்பினாள். "வருவீங்கல்ல?"

நான் ஊசியைப் பஞ்சுத் திண்டில் குத்திவிட்டு எழுந்தேன். கார் கிளம்புகிற சமயத்தில் முன் கதவைத் திறந்துகொண்டு ரிப்போர்ட்டும் ஏறினார். அவசரத்திலும் கோட்டை மறக்கவில்லை. வழியெல்லாம் டிரைவரிடம், ஆஸ்பத்திரிகள் எப்படி மனிதர்களை ஏமாற்றுகின்றன என்று விளக்கிக்கொண்டு வந்தார். பின் சீட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் முதலாளி சாய்ந்து கிடந்தார். பிளாஸ்திரியின் அடியில் குழாய் நுழைகிற இடத்தைச் சுற்றித் தோல் லேசாகச் சிவந்திருந்தது. அவ்வளவுதான். பார்த்தால் கொசு கடித்தது என்றுதான் சொல்வோம்.

டாக்டரம்மா நரைத்த கிராப்பும் சலித்துப்போன முகமுமாக இருந்தார். யாரிடமும் சிரிக்கிற பழக்கம் இல்லை. எனக்கு அவரைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. முதலாளியைக் கட்டிலில் படுக்க வைத்து, பிரஷர் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார். பதில்களையெல்லாம் ரிப்போர்ட்டு முந்திக்கொண்டு சொன்னார்.

"பிரஷர் ரொம்ப இறங்கிக் கிடக்கே. காய்ச்சல் இருந்துதா?"

"இல்ல மேடம். இப்பக்கூட செக் பண்ணேன். நார்மல்."

"இவங்களுக்கெல்லாம் உள்ள கிருமி கொதிச்சாக்கூட மேல சூடு தெரியாது. குளிர் நடுக்கம்? டயாலிசிஸ் அப்ப நடுங்கினாரா?"

"அப்படி ஒண்ணும் இல்ல மேடம்."

மகளின் தலை நிமிர்ந்தது. நான் பார்த்தேன்.

"ரத்தம் ஏதாவது எடுத்தீங்களா?"

இந்தக் கேள்விக்காகத்தான் அவர் காத்துக்கொண்டிருந்தார். போனை எடுத்து, தட்டி, இரண்டு கையாலும் நீட்டினார். டாக்டரம்மா பார்த்தார். புருவம் சுருங்கியது. கட்டிலில் கிடக்கிற மனிதரைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார்.

"இது முந்தாநாள் எடுத்தது. அன்னிக்கு இவருக்கு டயாலிசிஸ் ஆச்சே?"

"ஆமா மேடம்."

"டயாலிசிஸுக்கு முன்னாடி எடுத்ததா, முடிஞ்சப்புறம் எடுத்ததா?"

கேட்ட விதத்திலேயே, இதற்கு ஒரு சரியான பதிலும் ஒரு தப்பான பதிலும் இருக்கிறது என்பது தெரிந்துபோயிற்று. வேறு எதில் மந்தமாக இருந்தாலும் இந்த மாதிரி விஷயத்தில் ரிப்போர்ட்டுக்கு மூளை நன்றாக வேலை செய்யும்.

"முன்னாடிதான் மேடம். காலையில வீட்டுலயே எடுத்துட்டேன். அதெல்லாம் எனக்குத் தெரியாதா?"

கோட்டு காலரை இழுத்து விட்டுக்கொண்டார்.

"முன்னாடியே இவ்வளவுதான்னா…" டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்தார். "அப்ப கிருமியா இருக்க வாய்ப்பு கம்மி. பிரஷர் மாத்திரை அதிகமாயிருக்கலாம். அதை நிறுத்திட்டு, நாளைக்கு டயாலிசிஸுக்கு வரும்போது மறுபடி பார்க்கிறேன். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

பேனாவை எடுத்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த ஆள் மடிக்கிற அறையின் நடுவில் நின்று தம்பட்டம் அடித்ததைக் கேட்ட காது இரண்டு என் தலையில் இருந்தது. நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மகள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். சும்மா இருங்கள் என்கிறாளோ என்று நினைத்தேன். தன் வீட்டு மானத்தை மூன்றாம் மனுஷி வாங்கக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ.  அவள் மனதில் அந்த நாத்தனார் வீட்டு வாசல் வந்து போயிருக்கும், எனக்கே வந்து போயிற்று.

"இல்ல மேடம்" என்றாள். "முடிஞ்சப்புறம் எடுத்தது."

ரிப்போர்ட்டு சட்டென்று அவள் பக்கம் திரும்பினார்.

"ஏய், உனக்கு என்ன தெரியும்? நீ அங்க இருந்தியா?"

"நீங்க வந்து சொன்னீங்க. ஊசி குத்தாம, கடைசியில அந்தக் குழாயிலேயே எடுத்தேன்னு சொன்னீங்க. காலையில நான் எழுப்பினேன், நீங்க மீசைக்கு மை போட்டுக்கிட்டிருந்தீங்க. அப்பா கிளம்பிப் போயாச்சு. மேடம், டயாலிசிஸ் நடக்கும்போது அப்பா கடகடன்னு நடுங்கியிருக்கார். அதையும் இவர்தான் வந்து சொன்னார். ஏசியாலன்னு சொன்னார்."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். சொல்லி முடித்தவுடன் யாரோ அடித்துவிட்ட மாதிரி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். கோட்டும் மீசையுமாக நின்ற ரிப்போர்ட்டை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வையை விலை கொடுத்தாவது வாங்கி வீட்டில் மாட்டி வைக்கலாம் போலிருந்தது.

"டயாலிசிஸ் பண்ணினா இந்த நம்பர்ல ஒரு பங்கு வடிஞ்சு போயிடும். போனப்புறமும் இது அவரோட வழக்கமான அளவுக்குக் கிட்டத்தட்ட நிக்குதுன்னா, முன்னாடி எங்க இருந்திருக்கும்? நீங்க எடுத்தது கழுவின ரத்தம். அதைக் காட்டி இவரை நான் வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். நாளைக்கு நீங்க டயாலிசிஸுக்குக் கூட்டிட்டு வர மாட்டீங்க, வேற எங்கயாவதுதான் தூக்கிட்டுப் போவீங்க."

"மேடம், ஒரு சின்ன ஞாபகப் பிசகு…"

"அந்தக் கோட்டைக் கழட்டிட்டு வெளியே போய் உட்காருங்க. இங்க நர்ஸுங்க உங்களை டாக்டர்னு நினைச்சு ஏதாவது கேட்டுத் தொலைக்கப் போறாங்க."

அவர் கோட்டைக் கழற்றவில்லை. வெளியே போனார். அதன் பிறகு நடந்ததெல்லாம் ஓட்டமும் நடையும்தான். கையிலிருந்தும் குழாயிலிருந்தும் தனித்தனியாக ரத்தம் எடுத்தார்கள், கிருமியை வளர்த்துப் பார்ப்பதற்காம். மருந்து ஏற்றினார்கள். சாயங்காலம் அந்தக் குழாயைப் பிடுங்கினார்கள். கட்டிலோடு அவரைத் தள்ளிக்கொண்டு போனபோது மகள் கூடவே ஓடி, கதவு வரைக்கும் அவர் கையை விடவில்லை. கதவு மூடிய பிறகு பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ரிப்போர்ட்டு எங்கேயும் இல்லை.

"போயிட்டாரா?" என்று கேட்டாள்.

"போயிட்டார்."

"அவங்க அக்கா வீட்டுக்குத்தான் போயிருப்பார்." முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டாள். "அப்பா பிழைச்சுப்பார் இல்லக்கா?"

எனக்குத் தெரியாது என்று சொன்னேன். பொய் சொல்ல அன்றைக்கு மனசு வரவில்லை, கேட்ட பொய்யே போதும் என்று இருந்தது.

ரத்தத்தில் கிருமி வளர்ந்து வந்தது. குழாய் வழியாகத்தான் உள்ளே போயிருக்கிறதாம். சில நாள் முதலாளி யாரையும் அடையாளம் தெரியாமல் கிடந்தார். மகள் ஆஸ்பத்திரியிலேயே குடியிருந்தாள். காலையில் வந்து குளித்துவிட்டு, காயை இரண்டு முறை வேகவைத்து டப்பாவில் எடுத்துக்கொண்டு போவாள். அவர் சாப்பிடாததை அவளே சாப்பிட்டுவிட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டு வருவாள். தம்பி பாய்லரையும் பார்த்துக்கொண்டு அந்த மேஜையிலும் நின்றான். மடிக்கிற பெண்கள், மாப்பிள்ளையின் ஜோக்குக்குச் சிரித்த அதே வாயால், "எனக்கு அப்பவே தெரியும்" என்று பேசிக்கொண்டார்கள். இவர்களுக்கு எல்லாம் அப்பவே தெரியும்.

தொடைப் பக்கம் புதிய குழாய் ஒன்று வைத்தார்கள். உடம்பில் இடமே இல்லை என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தாரே, டாக்டருக்கு இடம் கிடைத்துவிட்டது. அதற்கு மறுநாள் நான் பார்க்கப் போனேன். தலையணையை நிமிர்த்தி வைத்து உட்கார்ந்திருந்தார். கன்னம் ஒட்டி, கழுத்து கொக்குக் கழுத்தாக ஆகியிருந்தது. ஆனால் கண்ணில் பழைய முதலாளி வந்து உட்கார்ந்துவிட்டார். என்னைப் பார்த்ததும் விரலைச் சொடுக்கி, ஸ்டூலைக் காட்டினார். நான் உட்காரவில்லை. மகள் கிண்ணத்தில் காயை மசித்துக்கொண்டிருந்தாள்.

"மாப்பிள்ளை எங்க?"

அவள் கை நின்றது. "அவங்க அக்கா வீட்டுல இருக்கார்பா."

"எல்லாம் காதுல விழுந்துச்சு. அந்த ரூம்ல நான் கண்ணைத்தான் மூடியிருந்தேன். கட்டின புருஷனை நாலு பேர் முன்னாடி, அதுவும் ஒரு பொம்பளை டாக்டர் முன்னாடி, பொய்யன்னு சொல்லிட்ட. மீசைக்கு மை போட்டார்னு சொல்ற. வெட்கமா இல்ல? எத்தனை பேர் வீட்டுக்குள்ள போய் வர்ற மனுஷன்? இனிமே அவர் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வெளியே போவார்?"

அவள் ஒரு ஸ்பூன் எடுத்து நீட்டினாள். வாங்கிக்கொண்டார். மென்றுகொண்டே தொடர்ந்தார்.

"இதுல உப்பு இருக்கா? மாட்டுக்கு வைக்கிற மாதிரி வச்சிருக்க. நீ போற. இன்னிக்கே போற. அவங்க அக்கா வாசல்ல நின்னு மன்னிப்புக் கேட்டுக் கூட்டிட்டு வர்ற. தெரியுதா?"

"போக மாட்டேன்பா."

முதலாளிக்கு இந்தச் சொல் புதிது. மெல்லுவதை நிறுத்தினார். என்னைப் பார்த்தார், நான்தான் சொல்லிக் கொடுத்தேனோ என்கிற மாதிரி. நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"என்ன சொன்ன? கேட்டுக்க. நான் உயிரோட இருக்கற வரைக்கும் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளை அவர்தான். நான் உயிரோட இருக்கற வரைக்கும் அவரை ஒரு வார்த்தை யாரும் சொல்லக் கூடாது."

"நீங்க உயிரோட இருக்கணும்னுதான்பா சொன்னேன்."

அவர் அதற்கும் திட்டினார். அவளைத் திட்டினார், அவளை வளர்த்த தன்னைத் திட்டினார், உப்பில்லாத காயைத் திட்டினார். குரல் ஏற ஏற, கழுத்து நரம்பு புடைத்துப் பழையபடி தெரிந்தது. அவள் ஸ்டூலை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அவர் மூச்சு வாங்குகிற நேரம் பார்த்து அடுத்த ஸ்பூனை ஊட்டினாள்.